அவையஞ்சாத் தீரர் சத்தியமூர்த்தி

திருவள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் சொல்வன்மைக்கு ஓரதிகாரம் வகுத்தார். அவையறிதலுக்கு வேறோர் அதிகாரமும், அவையஞ்சாமைக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். மூன்றும் ஒன்றே எனில் மூன்று அதிகாரங்கள் வேண்டா. சொல் வளம் உடையார் சிலர் அவை அறியார். அவை அறிந்தார் சிலர் அதன் முன் நிற்க அஞ்சுவர். அஞ்சாதார் சிலரிடம் சொல்லத்தக்க பொருள் இராது. மூன்றும் ஒருவரிடத்தே பொருந்துதல் அரிது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவ்வாறு பொருந்தப்பெற்ற தமிழருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர், 'தீரர்' என்று நாட்டு மக்களால் அழைக்கப்பெற்ற சத்தியமூர்த்தி.

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம் அவரை நினைத்தற்குத் தனியே ஒரு காரணமும் உண்டு. புதுதில்லியில் 1927-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வட்ட வடிவப் பாராளுமன்றக் கட்டடத்தை நாம் எத்தனையோ முறை கடந்து செல்கிறோம். 2023-ஆம் ஆண்டில் பக்கத்தே எழுந்த புதிய மாளிகைக்கு மன்றங்கள் குடிபெயர்ந்தபின், பழைய கட்டடம் 'சம்விதான் சதன்' எனப் பெயர் பெற்றது. அதன் தூண்களுக்கிடையே, அந்நியர் ஆட்சி நடந்த காலத்தில், அரசாங்கத்தாரைக் கேள்விக் கணைகளால் துளைத்தெடுத்த குரல் ஒரு தமிழ் வக்கீலின் குரல். நீதிமன்றத்தில் கற்ற குறுக்கு விசாரணையை அவர் சட்டசபைக்குக் கொண்டுவந்தார். அக்கலையால் அவர் சாதித்தது யாது, சாதிக்க இயலாதது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

புதுக்கோட்டைத் தனியரசைச் சேர்ந்த திருமயத்தில், 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ஆம் நாள் சத்தியமூர்த்தி பிறந்தார். தந்தையார் சுந்தர சாஸ்திரியார் வடமொழிப் புலமையும் வக்கீல் தொழிலும் உடையவர். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தமையால், குடும்பப் பொறுப்பை உணர்ந்தவராகவே மகனார் வளர்ந்தார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். சட்டக் கல்லூரியிற் பயின்று வக்கீலானார். புகழ்பெற்ற வழக்கறிஞரான எஸ். சீனிவாச ஐயங்காரிடம் தொழில் கற்றார்.

அந்நாளில் வக்கீல் தொழிலே அரசியலுக்கு வாயில். சட்டம் அறிந்தவரே சர்க்காருடன் வாதிட வல்லவர் என்று மக்கள் நம்பினர். சத்தியமூர்த்தியும் அவ்வழியே காங்கிரசிற் புகுந்தார். 1919-இல், மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்த மசோதாவை ஆராய்ந்த பாராளுமன்றக் கூட்டுக் குழுவின்முன் காங்கிரசின் கருத்தை எடுத்துரைக்க இலண்டனுக்குச் சென்ற தூதுக் குழுவில் அவரும் இடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

கலையார்வமும் அவர்பால் மிகுதியாக இருந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் மனோகரனாக நடித்துப் பெயர் பெற்றார். சென்னைச் சங்கீத வித்வத் சபையின் தொடக்க காலத்தில் அதற்குத் துணை நின்றார். 1939-இல் தோன்றிய தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் முதல் தலைவரும் அவரே. நாடக மேடைக் கலைஞரைத் தேசிய மேடைக்கு அழைத்துவந்த பெருமையில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு, கே. பி. சுந்தராம்பாளின் கணீரென்ற குரல் காங்கிரஸ் கூட்டங்களில் ஒலித்தமைக்கு அவருடைய முயற்சியே காரணம். மேடையில் நின்று கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசும் பயிற்சியை அவர் நாடகத்திற் பெற்றார் எனலாம்.

சட்டசபையா, சத்தியாக்கிரகமா?

1920-இல் காந்தியடிகள் ஒத்துழையாமையைத் தொடங்கியபோது சட்டசபைகளையும் நீதிமன்றங்களையும் புறக்கணிக்க வேண்டும் என்றார். சத்தியமூர்த்திக்கு இது உடன்பாடன்று. பகைவனது கோட்டைக்குள் நுழைய வாயில் ஒன்று திறந்திருக்கும்போது, அதனை நாமே அடைத்துவிட்டு வெளியே நிற்பானேன் என்பது அவர் கட்சி. சித்தரஞ்சன தாசரும் மோதிலால் நேருவும் 1923-இல் சுயராஜ்யக் கட்சியைத் தோற்றுவித்தபோது, தமிழ்நாட்டில் அதன் குரலாக விளங்கினார். அவ்வாண்டிலேயே சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

இதனால் அவரைச் சிறைக்கு அஞ்சியவர் என்று கொள்ளுதல் பெரும் பிழையாகும். 1930-ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி சுவாமி கோயிலின்மீது தேசியக் கொடியை ஏற்ற முயன்று கைதானவர் அவர். அதன் பின்னும் பலமுறை சிறை சென்றார். அவையில் வாதாடுவதும் தெருவில் போராடுவதும் அவருக்கு ஒரே வழக்கின் இரு கட்டங்கள். காலம் எதனை வேண்டிற்றோ அதனைச் செய்தார்.

பாரதி பாடல்களுக்காக

சென்னைச் சட்டசபையில் அவர் ஆற்றிய பணிகளுள் தமிழர் என்றும் மறவாதது ஒன்றுண்டு. மகாகவி பாரதியார் மறைந்து ஏழாண்டுகள் கழிந்தபின், 1928-இல், பர்மா அரசாங்கம் அவருடைய தேசியப் பாடல்களுக்குத் தடை விதித்தது. அதனைத் தொடர்ந்து சென்னை அரசாங்கமும் 'சுதேச கீதங்கள்' நூற்பிரதிகளைப் பறிமுதல் செய்தது. ஏறத்தாழ இருபதாண்டுகளாகத் தமிழர் கூட்டங்களில் பாடப்பட்டுவந்த பாட்டுக்கள் ஒரே நாளில் இராஜத் துரோகமாக மாறிவிட்டன!

அவ்வாண்டு அக்டோபரில் சத்தியமூர்த்தி இதனைச் சட்டசபையில் எழுப்பினார். அவையின் மற்ற அலுவல்களை நிறுத்திவைத்து இப்பொருளை விவாதிக்க வேண்டும் என்னும் ஒத்திவைப்புப் பிரேரணை வந்தது. கவிஞன் ஒருவனுக்காகச் சட்டசபை தன் வேலையை நிறுத்தியது அரிய நிகழ்ச்சி. கட்சி வேற்றுமை பாராது பலர் அதனை ஆதரித்தனர். பிரேரணை பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியது. அரசாங்கத்தின் ஆணையை அவையால் நேரே நீக்க இயலாது. ஆயினும், தமிழ் மக்களின் பிரதிநிதிகள் பாரதியின் பக்கமே நிற்கின்றனர் என்பது அன்று ஐயத்திற்கு இடமின்றிப் பதிவாயிற்று.

அதே அவையில் அவர் எடுத்த நிலைகள் அனைத்தும் போற்றத்தக்கன என்று கூறுவதற்கில்லை. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயன்றபோது, சமயத்தின் பேராலும் கலையின் பேராலும் அதனை எதிர்த்தவருள் சத்தியமூர்த்தி முதன்மையானவர். அம்முறையை ஒழிக்கும் சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று. காலம் அம்மையார் பக்கமே தீர்ப்பளித்தது. நாவன்மை நல்ல வழக்கிற்கும் பயன்படும், தீய வழக்கிற்கும் பயன்படும். ஒருவரைப் போற்றுங்கால் இதனை மறைத்தல் முறையன்று.

தில்லி மாமன்றத்தில்

1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சியின் பெருந்தலைவர்களுள் ஒருவரான சர் ஏ. இராமசாமி முதலியாரைத் தோற்கடித்து, சத்தியமூர்த்தி மத்திய சட்டசபைக்கு வந்தார். முதலியாரும் நாவன்மை மிக்கவர். பிற்காலத்தில் உலக அரங்குகளிற் புகழ் பெற்றவர். அத்தகையாரை வென்று வந்தமையின், 1935-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சபை கூடியபோது எல்லார் கண்களும் அவர்மேல் இருந்தன.

அந்தச் சபையின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். அங்கத்தினர் 145 பேர். அவருள் 104 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர். எஞ்சிய 41 பேர் அரசாங்கத்தாரால் நியமிக்கப்பட்டவர். வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தோரும் மிகச் சிலரே. மந்திரிசபை சபைக்குப் பொறுப்புடையதன்று. சபை வரவுசெலவுத் திட்டத்தின் நிதி மசோதாவைத் தள்ளினாலும், வைசிராய் தம் தனியதிகாரத்தால் சான்றளித்து அதனைச் சட்டமாக்கிவிடுவார். 1935 முதல் இவ்வாறு பலமுறை நிகழ்ந்தது. இராணுவச் செலவின் பெரும்பகுதி வாக்கெடுப்புக்கே வாராது. வென்றாலும் வெற்றி இல்லை என்னும் இத்தகைய மன்றத்தில் ஒரு வக்கீல் என் செய்வார்?

சத்தியமூர்த்தி கேள்வி நேரத்தைப் பற்றிக்கொண்டார். சபை கூடியதும் முதல் ஒரு மணி நேரம் அங்கத்தினர் வினாக்களுக்கு உரியது. எழுத்து மூலம் முன்னரே அனுப்பிய வினாவிற்கு இலாகாவினர் விடை தயாரித்து வருவர். அவ்விடை பெரும்பாலும் மழுப்பலாகவே இருக்கும். அதன்மேல் எழுப்பும் உபகேள்விதான் உயிர் நாடி. 1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில், வினாவை அனுப்பியவர் மட்டுமே உபகேள்வி கேட்கலாம் என்றிருந்தது. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின் எந்த அங்கத்தினரும் கேட்கலாம் என்றாயிற்று. இச்சிறிய மாறுதலின் பெரும் பயனைக் கண்டுகொண்டவர் சத்தியமூர்த்தி.

ஓர் எடுத்துக்காட்டால் இதன் நுட்பம் விளங்கும். மூன்றாம் வகுப்பு இரயில் பிரயாணிகளின் வசதி குறித்து ஒருவர் வினவுகிறார் என்று கொள்வோம். 'விஷயம் ஆலோசனையில் இருக்கிறது' என்று இலாகா மெம்பர் விடை கூறி அமர்கிறார். உடனே வக்கீல் எழுந்து, ஆலோசனை எப்போது தொடங்கிற்று என்பார். அடுத்து, ஆலோசிப்பவர் யார், எப்போது முடியும், அதுவரையிற் செலவு எவ்வளவு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார். ஒவ்வொன்றும் சிறிய கேள்வி. விடையும் ஒரு வரியில் அடங்குவது. ஆனால் நான்கு விடைகள் சேர்ந்தவுடன், ஆலோசனை என ஒன்று நடக்கவேயில்லை என்பது அவைக்கு வெட்ட வெளிச்சமாகிவிடும். சாட்சிக் கூண்டில் நின்றவனை வக்கீல் மடக்குவதும் இவ்வாறன்றோ! இதனாலேயே 'உபகேள்வி சத்தியமூர்த்தி' என்றும், கேள்வி நேரத்தின் அச்சம் என்றும் அவரைக் குறிப்பிடலாயினர்.

அவையின் அக்கிராசனர் சர் அப்துர் ரஹீம், முன்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக வீற்றிருந்தவர். எதிர்வரிசையில் சட்ட மெம்பர் சர் நிருபேந்திரநாத் சர்க்கார் கல்கத்தாவின் பெரும் வழக்கறிஞர். காங்கிரஸ் கட்சியின் தலைவர் புலாபாய் தேசாய் பம்பாய் நீதிமன்றத்தின் மணி. இவர்களிடையே எழுந்து நின்ற சத்தியமூர்த்திக்கு மன்றமே நீதிமன்றமாகத் தோன்றியிருத்தல் வேண்டும். அவர் பிற்பாடு கட்சியின் துணைத் தலைவராகவும் விளங்கினார்.

இன்னொன்றும் கூறத்தக்கது. அந்நாளில் தலைமைச் செயலகத்து அலுவலகங்களில் சென்னை மாகாணத்துக் குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்தாளர்களும் மிகப் பலர் பணியாற்றினர். கோடையிற் சிம்லாவிற்கும் குளிர்காலத்தில் தில்லிக்கும் கோப்புகளுடன் குடிபெயர்ந்த அக்குடும்பங்களே தலைநகரத் தமிழ்ச் சமூகத்தின் முன்னோடிகளுள் சிறந்தவர். சத்தியமூர்த்தியின் வினாக்களுக்கு விடை திரட்டிய கைகளுள் தமிழர் கைகளும் இருந்தன. கேட்டவரும் தமிழர், விடைக்கு ஏடு புரட்டியவரும் தமிழர்!

இவையெல்லாம் வெறும் பேச்சுத்தானே என்று அன்றே கேட்டவர் உண்டு. அது நியாயமான கேள்வியே. கேள்விகளால் ஆட்சி வீழவில்லை. ஆனால் மூன்று நன்மைகள் விளைந்தன. மறைவில் நடந்தவை சபையின் அச்சிட்ட நடவடிக்கைகளில் ஏறின. மறுநாட்காலை நாளிதழ்கள் அவற்றை ஊரெங்கும் பரப்பின. சில வேளைகளில் அரசாங்கம் பணிந்தும் போயிற்று. பிரிட்டிஷ் பொருள்களுக்குச் சலுகை தந்த ஒட்டாவா ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும் என்று 1936-இல் சபை தீர்மானிக்க, அரசாங்கம் அவ்வாறே முடிவு அறிவிப்புக் கொடுத்தது. எல்லாவற்றினும் மேலாக, ஆள்வோர் விடை கூறக் கடமைப்பட்டவர் என்னும் மரபு இம்மண்ணில் வேர் ஊன்றிற்று. சுதந்திர இந்தியாவின் பாராளுமன்றம் கேள்வி நேரத்தையும் உபகேள்வியையும் தனதாக்கிக்கொண்டபோது, பழகிய பாதையிலேயே நடந்தது.

கிட்டாத பதவி

1936-இல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவராகச் சத்தியமூர்த்தியும், செயலாளராக அவருடைய அன்பிற்குரிய தொண்டர் காமராசரும் பொறுப்பேற்றனர். 1937 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரஸ் வென்றது. மாகாணமெங்கும் அலைந்து பேசி அவ்வெற்றிக்கு உழைத்தவருள் முன்னின்றவர் சத்தியமூர்த்தி. பதவி ஏற்க வேண்டும் என்று காங்கிரசுக்குள் வாதாடியவரும் அவரே. ஆயின் பிரதமர் பதவி இராஜாஜியைச் சேர்ந்தது. மந்திரிசபையில் சத்தியமூர்த்திக்கு இடம் அமையவில்லை. அவர் மீண்டும் தில்லிக்கே திரும்பித் தம் எதிர்க்கட்சி ஆசனத்தில் அமர்ந்தார்.

கட்சியை விட்டு அவர் விலகவில்லை. 1940-இல் காமராசர் மாகாணக் காங்கிரசின் தலைவரானார். அப்போது முன்னைத் தலைவராகிய சத்தியமூர்த்தி, தம் தொண்டரின்கீழ்ச் செயலாளராக இருக்க இசைந்தார். ஆசான் மாணாக்கனுக்குக் கீழே அமர்ந்த இந்நிகழ்ச்சி நம் அரசியல் வரலாற்றில் அடிக்கடி காணக்கூடியதன்று.

ஓராண்டு மேயர்

வாழ்நாள் முழுதும் கேட்பவராகவே இருந்த அவருக்கு, விடை கூறும் பொறுப்பு ஒரே ஒருமுறை வாய்த்தது. 1939-இல் உலகப் போர் மூண்டது. இந்தியரைக் கேளாமலே இந்தியா போரில் இழுக்கப்பட்டதைக் கண்டித்து, மாகாணக் காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி துறந்தன. அவ்வாண்டின் இறுதியில் சத்தியமூர்த்தி சென்னை மாநகரின் மேயரானார்.

சென்னை அப்போது குடிநீர்ப் பஞ்சத்தால் வாடிற்று. 1872 முதல் நகரம் செங்குன்றம் ஏரியையே பெரிதும் நம்பியிருந்தது. மக்கள்தொகையோ பன்மடங்கு பெருகிவிட்டது. திருவள்ளூரை அடுத்த பூண்டியில் கொற்றலை ஆற்றின் குறுக்கே அணை கட்டி, வெள்ள நீரைத் தேக்கி, அதனைச் சோழவரம், செங்குன்றம் ஏரிகளுக்குக் கொணரலாம் என்னும் திட்டத்தைச் சத்தியமூர்த்தி கையிலெடுத்தார்.

போர்க்காலம், பணமும் பொருளும் அரிது. மாகாணத்தில் கவர்னர் ஆட்சி. வெள்ளையர் ஆட்சி ஒழிய வேண்டும் என்று முழங்கிய அதே மனிதர், நகர மக்களின் தாகத்திற்காகக் கவர்னர் சர் ஆர்தர் ஹோப்பிடம் வாதாடினார். ஏளனத்தை அவர் பொருட்படுத்தவில்லை. 1940 ஆகஸ்டில், அவர் மேயராக இருந்தபோதே, அடிக்கல் நாட்டப்பெற்றது. அடுத்துத் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. நேற்றுக் கவர்னரோடு நின்று கல் நாட்டியவர், மறுபடியும் அவர் அரசாங்கத்தின் சிறைக்குள் புகுந்தார்! சிறையிலிருந்தபோதும் தம் ஒரே மகளுக்கு அறிவுரை கூறிக் கடிதங்கள் எழுதினார். அவை பின்னர் நூலாக வெளிவந்தன.

இறுதி

1942 ஆகஸ்டில் பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. அங்கிருந்து சென்னை திரும்பும் வழியில் சத்தியமூர்த்தி கைது செய்யப்பெற்று, மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்குக் கொண்டு செல்லப்பெற்றார். ஏற்கெனவே நலிந்திருந்த உடல் அந்த நெடும் பயணத்தைத் தாங்கவில்லை. முதுகுத் தண்டில் ஏற்பட்ட ஊறு அவரை எழவொட்டாது செய்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1943 மார்ச்சு 28-ஆம் நாள் உயிர் நீத்தார். அகவை ஐம்பத்தைந்து. சுதந்திரம் வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. பூண்டி அணை முடிவுற ஓராண்டு இருந்தது.

1944-இல் அணை நிறைவெய்தியது. அந்நீர்த்தேக்கம் இன்று 'சத்தியமூர்த்தி சாகர்' என்னும் பெயரோடு விளங்குகிறது. அதன் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996 முதல் ஆந்திரத்துக் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் பூண்டியிலேயே வந்து கலக்கிறது. அவர் வளர்த்த காமராசர் 1954-இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். தமிழ்நாடு காங்கிரசின் தலைமையகம் சத்தியமூர்த்தி பவன் என்றே வழங்குகிறது.

அவர் வாழ்வைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். எதிர்க்கட்சி ஆசனத்தில் இருந்த பல்லாண்டுகள் நாட்டிற்குக் கேட்கும் பழக்கத்தைத் தந்தன. பதவியில் இருந்த ஓராண்டு நகரத்திற்குத் தண்ணீரைத் தந்தது. இரண்டையும் சீர்தூக்குவார், எது பெரிது என்று கூற மயங்குவர். விடாது கேட்டுப் பழகியவராதலின், பொறுப்பு வந்தபோது 'ஆலோசனையில் இருக்கிறது' என்று சொல்லித் தப்ப அவருக்கு மனம் வரவில்லை என்றே நான் கருதுகிறேன்.

பிழைப்புத் தேடி வெளிமாநிலம் வந்து வாழும் நாம், வந்த இடத்தில் அடங்கி இருப்பதே அறிவு என்று எண்ணும் இயல்பினர். அலுவலகத்திலும், பள்ளியிலும், காலனிப் பொதுக்கூட்டத்திலும் வாய் திறவாமை நமக்குப் பழகிவிட்டது. நம் மக்கள் பிறமொழியிலும் திருத்தமாகப் பேசக் கற்கின்றனர், அது நன்று. அதனோடு, பணிவு குன்றாமல் எழுந்து நின்று, 'எப்போது? எவ்வளவு? ஏன்?' என்று கேட்கவும் அவர்கள் கற்பாராக. கேட்டவர்மேல் பொறுப்பு வந்து சேரும்போது, அதனைத் தட்டாது ஏற்கவும் கற்பாராக. தலைநகர்த் தமிழர் தீரர் சத்தியமூர்த்திக்குச் செய்யும் கைம்மாறு அதுவேயாகும்.